வாயை மூடத் தெரியாத பாசி

போன மாதம் ஆர்க்கிட் செடிகளுக்கு ஸ்பேக்னம் பாசி வாங்கச் சுங்கை பூலோ நர்சரிப் பக்கம் போனேன், அண்ணன் மகளும் கூட வந்தாள். அங்கே அதைச் செங்கல் மாதிரி அழுத்தி, பிளாஸ்டிக் சுற்றி அடுக்கி வைத்திருப்பார்கள். வைக்கோல் நிறம், கையில் எடுத்தால் எடையே தெரியாது. உறையில் சிலி நாட்டுச் சரக்கு என்று போட்டிருந்தது. செந்தூல் வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் 20 கிராம் நிறுத்து ஒரு பேசினில் ஊறப்போட்டோம். அரை மணி நேரம் கழித்து வடிதட்டில் கொட்டி, சொட்டுவது நின்ற பிறகு மறுபடி நிறுத்தால் 340 கிராம் காட்டியது. தன் எடையைப் போல 16 மடங்குத் தண்ணீர். பிழிந்தால் பஞ்சு மாதிரி திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி குடிக்கத் தயாராக நின்றது.

"இது செத்த பாசிதானே அத்தை, எப்படி இவ்வளவு தண்ணி குடிக்குது?" என்று கேட்டாள்.

உயிரோடு இருக்கும்போதே இதன் உடம்பில் பெரும்பகுதி செத்ததுதான். ஒரு இலையைப் பிய்த்து அவளுடைய சின்ன மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். இலையின் கனம் ஒரே ஒரு செல். ஒடுங்கலான செல்கள் மீன்வலை போல ஓடுகின்றன, பாசி உயிரோடு இருந்தபோது பச்சையாக நின்று ஒளிச்சேர்க்கை செய்தவை அவைதான். வலையின் கண்களுக்குள் பெரிய பெரிய வெற்று அறைகள். உள்ளே ஒன்றும் கிடையாது, சுவரில் வளையம் வளையமாகத் தடிப்பு, அங்கங்கே வட்டத் துளை. இலை முதிரும்போதே இந்த அறைகள் செத்துத் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். நாம் பேசினில் பார்த்தது அந்தத் தொட்டிகள் நிரம்பியதைத்தான்.

இந்தச் செடிக்கு வேர் கிடையாது. தண்ணீர் ஏற்றிச் செல்லும் குழாய்களும் கிடையாது. முக்கியமாக, இலையில் இலைத்துளை கிடையாது. மற்ற செடிகளுக்கு இலைத்துளை என்பது வாய் மாதிரி: காற்றை உள்ளே விட வேண்டுமானால் திறக்கும், மத்தியான வெயிலில் ஈரம் போய்விடும் என்று தெரிந்தால் மூடிக்கொள்ளும். நம் வீட்டு வாசலில் நிற்கிற கறிவேப்பிலை நாள் முழுக்க இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. ஸ்பேக்னம் பாசியால் அது முடியாது. வாயை மூடத் தெரியாத ஆளிடம் ரகசியம் தங்காது என்பார்கள் இல்லையா, அது போல, தன்னைச் சுற்றி எவ்வளவு ஈரம் இருந்தது, எந்த மழை பெய்தது என்பதெல்லாம் வடிகட்டப்படாமல் இதன் உடம்பில் ஏறிவிடுகிறது. வட ஐரோப்பா, கனடா, தென் அமெரிக்காவின் தென்கோடி ஆகிய இடங்களில் பல்லாயிரம் வருடத்து ஈரத்தையும் மழையையும் கணக்கிட இந்தப் பாசியைத் தோண்டி எடுக்கிறார்கள் என்றால், காரணம் இந்தக் கையாலாகாத்தனம்தான்.

தோண்டி எடுக்கிறார்கள் என்றேன், ஏன் தோண்ட வேண்டும்? ஸ்பேக்னம் நுனியில் வளர்ந்துகொண்டே போகும், அடியில் சாகும். செத்த பகுதி நீரில் மூழ்கி, அமிலத்தில் ஊறி, ஆக்சிஜன் இல்லாமல் மக்காமல் கிடக்கும். அதன்மேல் அடுத்த வருடத்துப் பாசி, அதன்மேல் அதற்கடுத்தது. இப்படிச் சேர்வதுதான் பீட், மலாயில் தானா கம்புட் என்கிறோமே, அது. குளிர் நாட்டுப் பாசிச் சதுப்பில் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தாலே நல்ல வளர்ச்சி, ஆக ஐந்து மீட்டர் ஆழம் என்றால் ஐயாயிரம் வருடம், சில இடங்களில் அதைவிடக் கூட. எவ்வளவு நன்றாகப் பாதுகாக்கும் என்றால், 1950இல் டென்மார்க்கில் பீட் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மனித உடலைப் பார்த்து, சமீபத்துக் கொலை என்று நினைத்துப் போலீசுக்குச் சொன்னார்கள். டோலுண்ட் மனிதன் என்று இன்று சொல்லப்படும் அவர் செத்து 2,400 வருடம் ஆகியிருந்தது, முகத்தில் தாடி முள் கூட அப்படியே இருந்தது. மனித முகமே தங்குகிறது என்றால் பாசி இலை தங்காதா?

சரி, இனி ஐசோடோப்புக்கு வருவோம். அண்ணன் மகள் நான்காம் படிவத்தில் கிமியா படிக்கிறாள், அதனால் ஒரு தனிமத்தின் அணுக்கள் எடையில் வேறுபடலாம், அந்த எடை வகைகளுக்குத்தான் ஐசோடோப்பு என்று பெயர் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் பாசியில் கார்பன்-13ஐ அளக்கிறார்கள் என்றதும் ஒரு சந்தேகம் கேட்டாள்: வயது பார்க்கக் கார்பன்-14 தானே பயன்படும், 13 எதற்கு? இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. கார்பன்-14 சிதைந்துகொண்டே போகும், 5,730 வருடத்தில் பாதி காலி, அதனால் அது கடிகாரம். கார்பன்-12, கார்பன்-13 இரண்டும் சிதையாது, எத்தனை ஆயிரம் வருடம் ஆனாலும் போட்டது போட்டபடி இருக்கும். பீட் ஆய்வில் இரண்டும் வேண்டும், எந்த அடுக்கு எந்தக் காலம் என்று 14 சொல்லும், அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று 13 சொல்லும்.

இயற்கையில் 1,000 கார்பன் அணு எடுத்தால் ஏறக்குறைய 989 கார்பன்-12, மீதி 11 கார்பன்-13. இந்தப் பங்கு பொருளுக்குப் பொருள் துளியூண்டு மாறும், அந்தத் துளியூண்டு மாற்றம்தான் மொத்த விஷயமும். அது அவ்வளவு சிறியது என்பதால் சதவீதத்தில் பேச மாட்டார்கள், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பெர்மில்லில் பேசுவார்கள், அதுவும் ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டு. அந்த அளவுகோல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பீ டீ என்ற பாறைப் படிவிலிருந்து எடுத்த, கணவாய் மீனின் தூரத்து உறவான ஒரு பழங்கால உயிரின் புதைபடிவம். அது எப்போதோ தீர்ந்துவிட்டது, இப்போது வியன்னாவிலுள்ள அனைத்துலக அணுசக்தி முகமை அதற்கு ஈடான அளவுகோலைப் பார்த்துக்கொள்கிறது. ஒரு பாசியின் டெல்டா கார்பன்-13 அளவு மைனஸ் 27 என்று படித்தால் பயப்பட வேண்டாம். அந்தப் புதைபடிவத்தில் கனத்த கார்பன் 1,000 பங்கு என்றால் இதில் 973 பங்குதான் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

பாசியில் கனத்த கார்பன் ஏன் குறைகிறது? காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் நொதிக்கு ருபிஸ்கோ என்று பெயர். அது கொஞ்சம் சோம்பேறி, லேசான கார்பனைத்தான் விரும்பி எடுக்கும். ஆனால் விருப்பப்படி எடுக்க, வரத்து இருக்க வேண்டுமே. சௌகிட் சந்தைக்கு விடிகாலையில் போனால் மீன் குவிந்து கிடக்கும், கண்ணைப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்துப் பொறுக்கி எடுக்கலாம். பதினொரு மணிக்குப் போனால் கிடக்கிற நாலு மீனில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். ஸ்பேக்னத்துக்கும் அதே கதை. தண்ணீருக்குள் கரியமில வாயு நகர்வது காற்றில் நகர்வதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவு. பாசி நனைந்து இலைமேல் தண்ணீர்ப் படலம் தடிப்பாக இருக்கும்போது வாயு உள்ளே வரத் திணறும், ருபிஸ்கோ வந்ததை எல்லாம் போட்டு ஓட்டும், கனத்த கார்பனும் சேர்ந்துவிடும். பாசி காயக் காயப் படலம் மெலியும், வாயு தாராளமாக வரும், நொதி பொறுக்க ஆரம்பிக்கும், கனத்த கார்பன் குறையும். ஆக ஈரமான காலத்துப் பாசியில் எண் மேலே, உதாரணத்துக்கு மைனஸ் 25 பக்கம்; காய்ந்த காலத்தில் கீழே, மைனஸ் 30 பக்கம்.

இதில் எனக்குப் பிடித்த இடம் என்னவென்றால், சாதாரண மரத்தில் இது தலைகீழ். வறட்சி வந்தால் மரம் இலைத்துளையை மூடும், உள்ளே வாயு குறையும், அதனால் கனத்த கார்பன் கூடும். ஒரே வறட்சி, மரத்தில் எண் ஏறுகிறது, பாசியில் இறங்குகிறது. மூடத் தெரிந்ததும் தெரியாததும் எதிரெதிர்ப் பக்கம் கையெழுத்துப் போடுகின்றன. பீட் மண்ணை மொத்தமாக அரைத்து அளந்தால் இந்த இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஒன்றும் விளங்காமல் போகும் என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊருக்கு வரும்போது இது தேவைப்படும்.

அடுத்தது ஆக்சிஜன். இது மழைக் கதை. கனத்த ஆக்சிஜன்-18 உள்ள தண்ணீர் ஆவியாவதற்கு மெதுவு, மேகத்திலிருந்து விழுவதற்கு முந்தும். வெப்பமண்டலக் கடலில் ஏறிய ஈரக்காற்று துருவம் நோக்கிப் போகப் போக வழியெல்லாம் கனத்ததை உதிர்த்துவிட்டுப் போகும், அதனால் குளிர்ந்த ஊர்களின் மழையிலும் பனியிலும் கனத்த ஆக்சிஜன் குறைவாக இருக்கும். டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்ட் 1964இல் உலக மழைத் தரவுகளைத் தொகுத்து, குளிர் நாடுகளில் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் மழையின் ஆக்சிஜன் ஏறக்குறைய 0.7 பெர்மில் மாறுகிறது என்று காட்டினார். பிறகு துருவப் பனிக்கட்டியைத் துளைத்துப் பழைய வெப்பநிலையைப் படித்ததெல்லாம் இதன் வழியாகத்தான். ஆனால் நம்மிடம் இந்தச் சூத்திரம் செல்லாது. கோலாலம்பூரில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் வெயிலில் என்ன வித்தியாசம்? இங்கே மழையின் எண்ணை ஆட்டுவிப்பது பெரும்பாலும் மழையின் அளவும், மேகக் கூட்டம் எங்கிருந்து எவ்வளவு கொட்டிவிட்டு வந்தது என்பதும்தான். கொட்டித் தீர்க்கும் மாதத்து மழையில் கனத்த ஆக்சிஜன் குறையும், தூறல் மாதத்தில் கூடும்.

ஸ்பேக்னம் இந்த மழையை அப்படியே குடிக்கிறது. உயர்ந்து மேடு கட்டிய பாசிச் சதுப்புக்கு ஆற்று நீரோ ஊற்று நீரோ எட்டாது, வானம் கொடுத்தால்தான் உண்டு. குடித்த நீரின் ஆக்சிஜனைக் கொண்டு செல் சுவருக்கான செல்லுலோஸைக் கட்டும்போது ஏறக்குறைய 27 பெர்மில் கூடுகிறது, இது கிட்டத்தட்ட மாறாத கணக்கு என்பதால் செல்லுலோஸை அளந்து அதைக் கழித்தால் பாசி குடித்த தண்ணீர் கையில் வந்துவிடும். ஒரே சிக்கல், வாயை மூடாத செடி என்பதால் வெயிலில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், லேசானது முதலில் பறந்து மீதித் தண்ணீர் கனத்துவிடும். அதனால்தான் கார்பனையும் ஆக்சிஜனையும் ஜோடியாக அளக்கிறார்கள். கார்பன் இறங்கி ஆக்சிஜன் ஏறினால் பாசி காய்ந்திருக்கிறது. கார்பன் அசையாமல் ஆக்சிஜன் மட்டும் நகர்ந்தால் பாசிக்கு ஒன்றும் ஆகவில்லை, வந்த மழையே மாறியிருக்கிறது.

சொல்வதற்குச் சுலபம், செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அரை வட்டக் குழாய் மாதிரி ஒரு துளைக்கருவியைச் சதுப்பில் இறக்கித் திருப்பி, அரை மீட்டர் அரை மீட்டராகப் பீட்டை வெளியே எடுப்பார்கள். அதை ஒரு சென்டிமீட்டர் வில்லையாக வெட்டினால் ஒவ்வொரு வில்லையிலும் பத்து இருபது வருடத்துப் பாசி இருக்கும். ஒவ்வொன்றையும் தண்ணீரில் அலசி, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் சாமணத்தால் ஸ்பேக்னத் தண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். இலையும் கிளையும் கலக்கக்கூடாதா என்றால், கூடாது, ஒரே செடியின் தண்டுக்கும் கிளைக்கும் கார்பனில் ஒன்றரை பெர்மில் அளவுக்கு வித்தியாசம் வரும். தேடுகிற காலநிலை மாற்றமே சில நேரம் அந்த அளவுதான், ஒரு வில்லையில் தண்டு அதிகம், அடுத்ததில் கிளை அதிகம் என்று போட்டால் இல்லாத வறட்சியைக் கண்டுபிடித்து வைப்போம். நம் வீட்டில் அரிசியில் கல் பொறுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கல்லும் அரிசியும் ஒரே பழுப்பு நிறம். பொறுக்கிய பிறகு சோடியம் குளோரைட்டில் வெளுத்து, காரத்தில் ஊறவைத்து மற்றதை எல்லாம் கரைத்து, வெள்ளைச் செல்லுலோஸை மட்டும் எடுத்துக் காய வைப்பார்கள். அதில் ஒரு மில்லிகிராமிலும் குறைவாக வெள்ளிக் கூட்டில் பொதிந்து 1,400 டிகிரி சூட்டில் போட்டால் அதன் ஆக்சிஜன் கார்பன் மோனாக்சைடு வாயுவாக வெளிவரும், அதை நிறைமாலைமானி என்ற கருவி கனம் பிரித்து எண்ணும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கண்டார்கள்? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக் கதையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சுமார் 8,200 வருடத்துக்கு முன், பனியுகத்து மிச்சமாக வட அமெரிக்காவில் பனிச்சுவர் தடுத்து வைத்திருந்த பிரம்மாண்ட நன்னீர் ஏரி உடைந்து ஹட்சன் விரிகுடா வழியாகக் கடலுக்குள் பாய்ந்தது. கடலின் மேற்பரப்பில் நன்னீர் படர்ந்து, வடக்கே வெப்பம் கொண்டுபோகும் கடல் நீரோட்டம் தடுமாறியது, வட அட்லாண்டிக் சட்டென்று குளிர்ந்தது. இது கிரீன்லாந்துப் பனிக்கட்டியில் முன்பே தெரிந்த செய்திதான். ஆனால் பனிக்கட்டி இருப்பது ஆள் அரவமற்ற பனிமேட்டில், நிலத்தில் என்ன நடந்தது? 2009இல் வெளியான ஆய்வில் அந்தத் தீவின் ஒரு சதுப்பிலிருந்து எடுத்த ஸ்பேக்னத்தை அளந்தபோது, ஆக்சிஜன் எண் நான்கு பெர்மில்லுக்கும் மேல் சடாரென்று விழுந்து, ஏறத்தாழ 150 வருடம் அங்கேயே கிடந்து, பிறகு ஏறியிருந்தது. ஒரு ஆள் பிறந்து, பேரன் எடுத்து, அந்தப் பேரனும் கிழவனாகும் வரை குளிர். அதை எழுதி வைத்தது விரல் உயரம் கூட இல்லாத பாசி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென் அமெரிக்கத் தென்கோடியில் தியரா டெல் ஃபியூகோ பீட்டில், பாசியையும் இலைத்துளை உள்ள கோரைச் செடியையும் தனித்தனியாக அளந்து, இரண்டின் வித்தியாசத்திலிருந்து பழங்காலக் காற்றின் கரியமில வாயுவைக் கணக்கிட முடியுமா என்று ஜேம்ஸ் வைட்டும் அவர் குழுவும் 1994இல் பார்த்தார்கள். யோசனை அழகு, ஆனால் பழைய காற்றையே குமிழில் அடைத்து வைத்திருக்கும் பனிக்கட்டி இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு என்பது என் எண்ணம். ஈரத்தைக் கேட்டால்தான் பாசி நேராகப் பதில் சொல்லும். அண்டார்டிக் தீபகற்பத்தில் வேறொரு வகைப் பாசிமேடுகளை அளந்து, கடைசி அரை நூற்றாண்டில் அவற்றின் வளர்ச்சி வேகமெடுத்ததைக் காட்டியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஏதாங் தெ லா குரூயேர் பீட்டில் ஈயத்தின் ஐசோடோப்புகளை அளந்தவர்கள் ரோமானியர் காலத்துச் சுரங்கம் முதல் நம் காலத்து ஈய பெட்ரோல் வரை வரிசையாகப் படித்துவிட்டார்கள்.

பாசி எல்லா நேரமும் நேர்மையான சாட்சிதானா என்றால், குறுக்கு விசாரணை தேவை. 2005இல் நெதர்லாந்துக் குழு ஒன்று, ஸ்பேக்னத்தின் அந்த வெற்று அறைகளுக்குள் மீத்தேன் தின்னும் பாக்டீரியாக்கள் குடியிருப்பதைக் கண்டது. சதுப்பின் அடியிலிருந்து வரும் மீத்தேனை அவை கரியமில வாயுவாக்கிப் பாசிக்கே கொடுக்கின்றன, பாசியின் கார்பனில் 10 முதல் 15 சதவீதம் வரை இந்த வழியில் வரலாம் என்று கணக்கிட்டார்கள். மீத்தேனின் கார்பன் மிக மிக லேசு, மைனஸ் 60 பக்கம். ஈரம் கூடினால் எண் ஏற வேண்டும் என்று முன்னே சொன்னேன், ஆனால் ஈரம் ரொம்பக் கூடிப் பாசி மூழ்கினால் மீத்தேன் புகுந்து எண்ணைக் கீழே இழுக்கும். மேட்டில் வளர்ந்ததா, பள்ளத்தில் கிடந்ததா என்பதும் வேண்டும், ஒரே நாளில் ஒரே சதுப்பில் முழங்கால் உயர வித்தியாசத்தில் எண் மாறும். அப்புறம், நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து நாம் காற்றில் கலந்த கார்பனும் லேசானது, தொழிற்புரட்சிக்கு முன் மைனஸ் 6.4 அளவில் இருந்த காற்று இப்போது மைனஸ் 8.5க்குப் பக்கம் வந்துவிட்டது. இதைக் கழிக்காமல் இன்றைய பாசியையும் பழைய பாசியையும் ஒப்பிட்டால், நாம் கார் ஓட்டியதை வறட்சி என்று எழுதி வைப்போம்.

இனி நம் ஊர். பீட் என்றதும் மலேசியாவில் நமக்கு நினைவு வருவது புகைமூட்டம். 2005 ஆகஸ்ட் 11இல் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்கள். 2015இல் பள்ளிகளை மூடினார்கள், இரட்டைக் கோபுரம் காணாமல் போனது, துணி காயப்போட்டால் புகை வாசம் அடித்தது. எரிந்ததில் பெரும்பங்கு சுமத்ரா, கலிமந்தான் பீட். 2014, 2015இல் சிங்கப்பூரில் பிடித்த புகைத்துகளில் கார்பன்-14 பார்த்தபோது அதன் சராசரி வயது ஏறக்குறைய 800 வருடம் என்று வந்தது, சோழர் காலத்துக் கடைசியில் காட்டில் விழுந்த இலையை நாம் மூச்சில் இழுத்திருக்கிறோம்.

ஆனால் இந்தப் பீட் வேறு பீட். மலேசியாவில் சுமார் 2.5 மில்லியன் ஹெக்டர் பீட் நிலம் உண்டு, பெரும்பங்கு சரவாக்கில், நம் பக்கம் வட சிலாங்கூரிலும் கோல லங்காட்டிலும் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்த மண்ணில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் வருடா வருடம் நிலம் சில சென்டிமீட்டர் இறங்கும், செம்பனை மரங்கள் கள் குடித்தவர் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாயும். அதைக் கையில் அள்ளிப் பார்த்தால் பாசியே இருக்காது. கட்டை, வேர், பட்டை, கருத்துப்போன இலை. பல இடங்களில் 10 மீட்டருக்கு மேல் ஆழம், நடுவில் உயர்ந்த மேடு, அதுவும் வட நாட்டுப் பாசிச் சதுப்பு போலவே மழையை மட்டும் குடித்து வளர்ந்தது. ஆனால் அதைக் கட்டியவை மரங்கள்.

அப்படியானால் ஸ்பேக்னத்தின் விதிகளை இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது என்பது இப்போது உங்களுக்கே தெரியும். மரத்துக்கு மூடத் தெரியும். வேர் ஆழத்து நீரைக் குடிக்கும். இன்றைய மரத்தின் வேர் ஆயிரம் வருடத்துப் பீட்டுக்குள் இறங்கிச் செத்தால், பழைய அடுக்கில் புது கார்பன் கலந்துவிடும். கட்டை மெல்ல மக்கும்போது முதலில் போவது செல்லுலோஸ், மிஞ்சுவது கட்டைக்கு உறுதி தரும் லிக்னின், லிக்னினின் கார்பன் செல்லுலோஸைவிடச் சில பெர்மில் லேசு, ஆகவே காலநிலை துளி மாறாமலே எண் மட்டும் ஆழத்தோடு நகரும். பீட் ஐசோடோப்பு என்று எங்கேயாவது படித்தால் நான் முதலில் தேடுவது, எதை அளந்தார்கள் என்ற வரியைத்தான். பொறுக்கிய பாசித் தண்டா, மொத்தமாக அரைத்த மண்ணா? இரண்டாவது என்றால் அவசரப்பட்டு எதையும் நம்ப மாட்டேன்.

ஆனாலும் நம் ஊருக்கு வேறொரு பெரிய கைப்பிடி இருக்கிறது. லாலாங் புல், கரும்பு, சோளம் போன்றவை கார்பனைப் பிடிக்கும் வழியே வேறு, அவற்றின் எண் மைனஸ் 12 பக்கம். மரமும் நெல்லும் மைனஸ் 27 பக்கம். இது துளியூண்டு வித்தியாசமே இல்லை, தெருவுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். தேனில் கரும்புச் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறார்களா என்று ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான், தேனீ பெரும்பாலும் மைனஸ் 27 பக்கத்துப் பூக்களுக்குப் போகும், பாகு மைனஸ் 12 பக்கத்திலிருந்து வரும்.

இதே வித்தியாசத்தைப் படித்த ஓர் இடம் நம் எல்லோருக்கும் தெரிந்தது: பத்துமலை. தைப்பூசத்தில் நாம் 272 படி ஏறுகிற அந்தச் சுண்ணாம்பு மலைக் குகைகளில் வௌவால் எச்சம் ஆயிரக்கணக்கான வருடமாக அடுக்கடுக்காகக் கிடக்கிறது. வௌவால் பூச்சியைத் தின்றது, பூச்சி செடியைத் தின்றது, சுற்றிலும் காடு இருந்தால் மைனஸ் 27 வாசம், புல்வெளி இருந்தால் மைனஸ் 12 வாசம், இடையில் எத்தனை வயிறு மாறினாலும் அது பெரிதாக மாறாது. 2010இல் வெளியான ஆய்வில் பத்துமலை, சரவாக்கின் நியா குகை, பிலிப்பைன்ஸின் பலாவான் தீவுக் குகைகள் ஆகியவற்றின் எச்சத்தை அளந்தார்கள். கடல் மட்டம் 120 மீட்டர் அளவுக்கு இறங்கி, சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் நம்மோடு ஒட்டிக் கிடந்த அந்தக் கடைசிப் பனியுகத்தில், நியாவைச் சுற்றி மழைக்காடு தாக்குப்பிடித்திருக்கிறது, பத்துமலையைச் சுற்றியும் பலாவானிலும் காடு சுருங்கிப் புல் பரவியிருக்கிறது. கோம்பாக், செந்தூல், ஜாலான் ஈப்போ எல்லாம் லாலாங் மாதிரியான புல்வெளியும் அங்கங்கே மரமுமாக இருந்ததை நினைத்துப் பாருங்கள். அண்ணன் மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்போ பத்துமலையில் பாசிக்குப் பதிலா வௌவால் எழுதி வச்சிருக்கா?" என்றாள்.

ஸ்பேக்னம் நம் நாட்டில் இல்லவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கேமரன் மலையில் குனோங் பிரிஞ்சாங் பக்கம் 2,000 மீட்டர் உயரத்தில் பாசிக்காட்டு மரப்பாதையில் நடந்தவர்கள், மேகம் தொட்டு நனைந்த மரங்களையும் கால் வைத்தால் அமுங்குகிற தரையையும் பார்த்திருப்பார்கள். அந்த உயரக் குளிரில் ஸ்பேக்னமும் வளர்கிறது. பிடுங்காதீர்கள், விரல் நீளம் வளர அதற்குப் பல வருடம் ஆகும்.

பேசினில் ஊறிய பாசியில் பாதியை ஆர்க்கிட் தொட்டியில் போட்டோம், மீதியை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுப் பால்கனி நிழலில் வைத்து, மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ஆறாவது வாரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வைக்கோல் நிறத்து இழைகளுக்கு நடுவே இரண்டு மூன்று இடத்தில் குண்டூசித் தலை அளவுக்குப் பச்சை. காய்ந்துபோன துண்டிலிருந்தும் சில நேரம் இது துளிர்க்கும். ஒரே தண்டு, கீழே சிலியில் பெய்த மழையில் கட்டியது, மேலே அந்தக் குண்டூசித் தலை மட்டும் செந்தூல் மழையில் கட்டியது.